வாடகைக்கு விட்ட பாஷை

தமிழ்நாட்டுக்கு இரண்டு மொழி போதும் என்று அரசாங்கமே தீர்மானித்துவிட்ட பிறகு, மூன்றாவதாக ஒரு மொழியை உண்டாக்கி, எந்தப் போராட்டமும் இல்லாமல் நடைமுறைக்கும் கொண்டுவந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த மொழியை அவருடைய நாய்கள் மட்டுமே கற்றுக்கொண்டதால் யாரும் மறியல் செய்யவில்லை.

ஊரில் அவருக்கு மூணாம்பாஷை என்று பெயர். நிஜப் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டின் பழைய கட்டுகளில் இருக்கிறது. அதைச் சொன்னால் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரருக்குக்கூட வழி சொல்லத் தெரியாது.

நான் அந்தக் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவன். வருகிற பிராதுகளையும் மனுக்களையும் படித்து, இதில் இன்ன குறை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். குறையே இல்லாத மனுவை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதைச் சந்தேகப்பட்டுத் திருப்பியிருப்பேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அதே பஸ்ஸில் அடிக்கடி மூணாம்பாஷையும் வருவார். எதற்காவது ஒரு மனு கொடுக்காமல் அவருக்கு ஒரு வாரம் கழியாது.

மொழி பிறந்த கதையை அவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொல்லுவார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

"நாய்க்குத் தமிழ் தெரிஞ்சா திருடனும் தமிழ்லதானய்யா பேசுவான்? 'வாடா செல்லம்'னான்னா வாலை ஆட்டிக்கிட்டுப் போயிரும். சரி, தெலுங்கு பேசுத வீட்டு நாயின்னு வைங்க. அங்க போயி 'ரா ரா'ம்பான். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச நாய் காவல் நாயா? அது கண்டக்டர்லா!"

பக்கத்தில் நின்ற கண்டக்டர், "அண்ணாச்சி, எறங்குத எடம் வந்துட்டு" என்பார்.

ஆகவே, தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இல்லாத சொற்களாகப் பார்த்து அவரே செய்தார். திப்ரா என்றால் உட்கார். கொஜும் என்றால் வா. லம்டோ என்றால் பிடி. நொஸ்கா என்றால் விடு. இவை வெளியாருக்குத் தெரிந்தவை. வீட்டுக்குள் இன்னும் எவ்வளவோ இருந்தன. கடைக்குப் பின்னால் முற்றத்தில் அவர் நாய்களோடு பேசுவதைக் கேட்டால், ஏதோ தூர தேசத்து ரேடியோ ஸ்டேஷன் அகப்பட்டுக்கொண்டதுபோல இருக்கும்.

டீக்கடையில் இளவட்டங்கள் சீண்டுவார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க பாஷையில டீக்கு என்ன வார்த்தை?"

"கெடையாது."

"ஏன்?"

"நாய் டீ குடிக்காதுலே."

அவருடைய தொழில் நுட்பம் மாம்பழ சீசனில் வெளிப்படும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் காவலுக்கு நாய் கேட்டு வருவார்கள். ராஜபாளையத்து நாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக, அந்நியரைக் கண்டால் ஜமீன்தார் வரி பாக்கிக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அந்த நாயை சீசனுக்கு வாடகைக்கு விடுவார். கூடவே நாலு வார்த்தைகளையும் வாடகைக்கு விடுவார். நாய் திரும்பி வருகிற அன்றைக்கு வார்த்தைகளும் திரும்ப வேண்டும். அதாவது, வாடகைக்காரர் அவற்றை மறந்துவிட வேண்டும். கடை வாசலில் கையடித்துச் சத்தியம் செய்தால்தான் சங்கிலி கைக்கு வரும்.

மறந்தார்களா என்று சோதிக்கவும் முறை வைத்திருந்தார். சீசன் முடிந்து ஒரு நாள் கடைவீதியில் குத்தகைக்காரர் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருப்பார். மூணாம்பாஷை பின்னால் சத்தமில்லாமல் போய் "திப்ரா!" என்று ஒரு அதட்டுப் போடுவார். ஒருவர் பையோடு நடுவீதியில் உட்கார்ந்தே விட்டார். மூணாம்பாஷை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "சீசன் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு! இன்னுமா மறக்கல? நாணயமா நடந்துக்கிட வேண்டாமாய்யா?"

இவ்வளவு அருமையான சொத்துக்குப் பத்திரம் இல்லையே என்ற கவலை அவருக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. முதலில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே, "எந்தச் சொத்தானாலும் நாலு எல்லை சொல்லணும்" என்று யாரோ விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள். மறுநாளே எல்லையோடு வந்து நின்றார்.

"எழுதிக்கிடுங்க. மேற்கே மலை, அதுக்கங்கிட்டு மலையாளம். வடக்கே தெலுங்கு. கெழக்கே தமிழ். தெக்கே எங்க வீட்டுக்காரி பேசுதது. அதுக்கு எல்லையே கெடையாது, அதனால அதை மட்டும் சர்வேயர் வந்து அளந்துக்கிடட்டும்."

அடுத்து, படைப்புகளுக்கு உரிமை பதிந்து தருகிற டெல்லி அலுவலகத்துக்கு எழுதினார். படைப்பை எழுத்தில் அனுப்பும்படி பதில் வந்தது. அதோடு அந்த விவகாரம் நின்றது. எழுதினால்தான் பதிய முடியும். எழுதினால் திருடன் படித்துவிடுவான். சட்டத்தில் இருக்கிற இந்த ஓட்டையை நாட்டில் யாரும் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு வருத்தம்.

இந்த அலைச்சல் எல்லாவற்றிலும் கூடவே வந்தது சீமாட்டி. அவருடைய நாய்களில் மூத்தது, உயரமானது. மற்ற நாய்கள் அவர் சொன்னதைக் கேட்கும். சீமாட்டி கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து யோசிக்கும். "மத்ததெல்லாம் கேக்கும்யா. இது பேசும்" என்பார்.

அரசாங்க அலுவலகங்களுக்கென்றே அதற்கு ஒரு தனி வார்த்தை கற்றுக் கொடுத்திருந்தார்: ஜொம்மலா. 'இது சர்க்கார் ஆபீஸ், இன்னைக்குள்ள முடியாது, படுத்துக்கோ' என்று அர்த்தம். சொன்னதும் சீமாட்டி நேராகப் போய் ஒரு மேஜைக்கு அடியில் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொள்ளும். எங்கள் கோர்ட்டில் அது என் மேஜை. தபால்காரர் தாண்டிப் போவார், பெருக்குகிறவர் வாலைச் சுற்றிப் பெருக்குவார். அது அசையாது. வேலை முடிந்ததும் அவர் குனிந்து அதன் காதுக்குள் என்னவோ சொல்லுவார். எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

"அது என்னய்யா ரகசியம்? சத்தமாத்தான் சொல்லுமே" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சொல்லப்படாதுய்யா. 'வேலை முடிஞ்சுது, எந்திரிச்சு வீட்டுக்கு வா'ன்னு சொல்லுத வார்த்தை அது. சத்தமாச் சொன்னா ஒங்க ஆபீஸே எந்திரிச்சுப் போயிரும்."

எண்பதுகளின் நடுவில் ஒரு சீசனில்தான் வினை வந்தது. சேத்தூர்ப் பக்கம் பெரிய மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர், வேறு நாய் வேண்டாம் என்று அடம்பிடித்து சீமாட்டியையே வாடகைக்குக் கொண்டுபோனார். காய் இறங்கியது, சீசன் முடிந்தது, சீமாட்டி வரவில்லை. மூணாம்பாஷை கேட்கப் போனார். தோப்புக்காரர் கட்டிலில் சாய்ந்தபடியே, "எந்த நாய்? இது எங்க தோப்புலயே பெறந்த நாயில்லா?" என்றார். பிறகு, எழுந்திருக்காமலேயே, "கொஜும்" என்றார். சீமாட்டி அவரிடம் போய் நின்றது. அது சொல் தவறாத நாய்.

மறுநாள் பஸ்ஸில் மூணாம்பாஷை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார், பேசவில்லை. கண்டக்டரே வந்து, "என்ன அண்ணாச்சி, தொண்டை கட்டிருச்சா?" என்று விசாரித்தார். கடை முற்றமும் அடங்கிப்போனது. மற்ற நாய்களுக்கு நாலு வார்த்தையோடு சரி. "பேச ஆளில்லய்யா" என்றார் என்னிடம். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த வாரம் பிராதோடு வந்து நின்றார். வக்கீல் இல்லை, கட்சிக்காரர் தாமே ஆஜர். கேட்ட பரிகாரங்கள் மூன்று. ஒன்று, சீமாட்டியைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு, மூணாம்பாஷை என்னும் பாஷை வாதியின் தனிச் சொத்து என்று விளம்ப வேண்டும். மூன்று, பிரதிவாதி மேற்படி நாலு வார்த்தைகளையும் உடனடியாக மறந்துவிட வேண்டும் என்று உறுத்துக் கட்டளை பிறப்பிக்க வேண்டும்.

என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு பரிகாரத்தை நான் பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"பாஷைக்கு மதிப்பு போடலையே? மதிப்பு இல்லாம கோர்ட்டுக் கட்டணம் எப்படிக் கணக்குப் பண்றது?"

"அதுக்கு வெலை மதிப்பே கெடையாதுங்கய்யா."

கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது சிரஸ்தாரின் வேலையல்ல. குறையை எழுதித் திருப்புவது மட்டுமே வேலை. ஆனால் குறையை எவ்வளவு விளக்கமாக எழுதலாம் என்பதற்கு விதிகளில் வரம்பு இல்லை. 'மதிப்பிட இயலாத பரிகாரம் என்றால், அதற்கான பிரிவைக் குறிப்பிட்டு, அதன்படி கட்டணம் செலுத்துக' என்று பிரிவின் எண்ணோடு எழுதினேன். படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டவாலியிலிருந்து டைப்பிஸ்ட் வரை எல்லாரிடமும் காட்டினார். "பாத்தீகளா? சட்டமே ஒத்துக்கிடுது, மதிப்பிட இயலாததுன்னு!" அப்புறம் திருப்பித் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் பிராது கொஞ்சம் கொழுத்துத் திரும்பி வந்தது. கடைசியில் எனக்கே திருப்ப மனம் வராத அளவுக்கு ஆனதும் எண் கொடுத்துக் கோப்பில் எடுத்தோம்.

தோப்புக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். எதிருரையில் இரண்டு கட்சி கட்டினார். முதல் கட்சி: நாய் எங்கள் தோப்பில் பிறந்தது, அந்த மொழியும் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக நாய்களோடு பேசி வருவது. இரண்டாம் கட்சி: அப்படி இல்லையென்று வைத்துக்கொண்டாலும், மொழி என்பது யாருக்கும் சொந்தமல்ல. இரண்டில் எது நிஜம் என்று கேட்கக் கூடாது. வக்கீல் தொழிலில் அது மரியாதைக் குறைவு.

குறுக்கு விசாரணை அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. பால்கோவாக் கடைகளில் பாதிப் பேர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"இந்த மொழியை உங்களைத் தவிர யார் பேசுகிறார்கள்?" என்றார் வக்கீல்.

"வாடகைக்கு எடுத்தவிய பேசுவாவ. சீசன் வரைக்கும்."

"ஒருத்தர் மட்டும் பேசுவதெல்லாம் ஒரு மொழியா?"

"ஏங்கய்யா, ஒங்க வீட்ல ஒருத்தர் மட்டும் பேசுதது இல்லையா? அது மொழியில்லையா?"

வக்கீல் தன்னையறியாமல் மேலே பார்த்துத் தலையாட்டிவிட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. அவர் சமாளித்துக்கொண்டு, "அகராதி வாங்குகிறவன் படித்த பிறகு வார்த்தைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?" என்று ஒரு போடு போட்டார். முன்சீப் குறித்துக்கொண்டார். எனக்கே அது பலமான கேள்வி என்று பட்டது.

முன்சீப் இளைஞர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாய் என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருகிறவர். இருந்தாலும் தைரியமாக, நாயைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தும்படி உத்தரவிட்டார். நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. சான்றுப்பொருளாகக் குறியீடு செய்யலாம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அடையாளச் சீட்டைக் கழுத்தில் கட்டும்படி டவாலியிடம் நீட்டியபோது அவர், "அய்யா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டார். சீட்டு என் மேஜையிலேயே இருந்தது.

தோப்புக்காரர் ஜீப்பில் சீமாட்டியோடு வந்து இறங்கினார். ஹாலுக்குள் வந்ததும் அது மூணாம்பாஷையைப் பார்த்தது. வால் ஆடியது. ஆனால் சங்கிலி தோப்புக்காரர் கையில் இருந்தது.

"திப்ரா" என்றார் தோப்புக்காரர். உட்கார்ந்தது. "கொஜும்." வந்தது. ஒரு துண்டைப் போட்டு "லம்டோ" என்றார், கவ்வியது. "நொஸ்கா." விட்டது. ஒவ்வொன்றுக்கும் வக்கீல் முன்சீப்பைப் பார்த்து, தானே துண்டைக் கவ்வியதுபோலத் தலை வணங்கினார்.

பிறகு மூணாம்பாஷை அதே நாலு வார்த்தையைச் சொன்னார். அதே மாதிரி செய்தது. ஆட்டம் சமம். சமம் என்றால், நாய் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு லாபம். மூணாம்பாஷைக்கும் அது புரிந்துவிட்டது. சைக்கிளில் காற்று இறங்குவதுபோல அந்த மனிதர் இறங்குவதை நான் மேஜையிலிருந்து பார்த்தேன்.

முன்சீப் இடைக்கால உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். டைப்பிஸ்ட் ஒரு வரி அடித்ததும் சீமாட்டி குரைத்தது. அடுத்த வரிக்கு இன்னும் பலமாகக் குரைத்தது.

"முதலில் இதை அமைதியாகப் படுக்க வையுங்கள்" என்றார் முன்சீப்.

தோப்புக்காரர் "திப்ரா" என்றார். உட்கார்ந்துகொண்டு குரைத்தது. மாந்தோப்பில் நாயைப் படுக்க வைக்க யாருக்கும் அவசியம் வராது. அந்த வார்த்தையை அவர் வாடகைக்கே எடுக்கவில்லை.

"அய்யா உத்தரவு குடுத்தா நான் சொல்லுதேன்" என்றார் மூணாம்பாஷை.

"யாராவது சொல்லுங்கள்!"

"ஜொம்மலா."

சீமாட்டி சங்கிலியை இழுத்துக்கொண்டே ஹாலைக் குறுக்காகக் கடந்து, வக்கீல்களின் கால்களுக்கிடையில் நுழைந்து, நேராக என் மேஜைக்கு அடியில் வந்து படுத்தது. ஒரு பெருமூச்சு. கண்ணை மூடிக்கொண்டது. வழக்கு முடியும்வரை நாய் பிரதிவாதியிடமே இருக்கலாம் என்று முன்சீப் சொல்லி முடித்தார். உணவு இடைவேளைக்கு எழுந்தார்.

தோப்புக்காரர் வெற்றிக் களையோடு சங்கிலியை எடுத்துச் சுண்டினார். "கொஜும்!"

சீமாட்டி அசையவில்லை.

"கொஜும்! ஏட்டி, கொஜும்!"

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. சங்கிலியைப் பிடித்து இழுத்தார். மேஜைதான் நகர்ந்தது. வக்கீல் குனிந்து நாலு வார்த்தையையும் வரிசையாகச் சொன்னார், பிறகு தலைகீழாகவும் சொன்னார். டிரைவர் ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். சீமாட்டி படுத்தபடியே அதைச் சாப்பிட்டு, மூக்கை நக்கிக்கொண்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக உற்சாகப்படுத்தினார்கள். "அண்ணாச்சி, அல்வா வாங்கிக் குடுத்துப் பாருங்க!" "ஒரு மனு போடுங்கய்யா, எந்திரிக்கும்!"

இடைவேளை முடிந்து முன்சீப் வந்தபோதும் நாய் என் காலடியில்தான் இருந்தது. தோப்புக்காரரின் ஜிப்பா நனைந்திருந்தது.

"என்ன ஆயிற்று?"

"அய்யா, அது சர்க்கார் ஆபீசுல படுத்திருக்கு. வேலை முடியாம எந்திரிக்காது" என்றார் மூணாம்பாஷை. குரலில் காற்று மறுபடி ஏறியிருந்தது. "எழுப்புததுக்கு ஒரு வார்த்தை இருக்கு. அதை நான் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்ல."

முன்சீப் பேனாவை மூடிவிட்டுத் தோப்புக்காரரைப் பார்த்தார். "இது உங்கள் குடும்பத்தில் வழிவழியாகப் பேசுகிற மொழி என்று எதிருரையில் சொல்லியிருக்கிறீர்கள். எழுப்புகிற வார்த்தையைச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

தோப்புக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். தோப்புக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானே ஒரு வார்த்தையைச் செய்து பார்த்தார்: "கும்... கும்பிலா?"

சீமாட்டி குறட்டை விட்டது.

"வாதி சொல்லலாம்" என்றார் முன்சீப்.

மூணாம்பாஷை வேட்டியை மடித்துக்கொண்டு என் மேஜைக்கு அடியில் புகுந்தார். அதன் காதருகே வாயை வைத்து என்னவோ சொன்னார். இவ்வளவு பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. சீமாட்டி எழுந்தது. முன்காலை நீட்டி, பின்காலை நீட்டி, உடம்பை ஒரு உதறு உதறி, அவருடைய தோளில் இரண்டு கால்களையும் போட்டு முகம் முழுக்க நக்கியது. சங்கிலி தோப்புக்காரர் கையிலிருந்து தானாக நழுவியது. கைதட்டிய கூட்டத்தை அதட்ட வேண்டிய டவாலி தானும் தட்டிக்கொண்டிருந்தார்.

இடைக்கால உத்தரவு அன்றே மாறியது. அடுத்த மாதம் தீர்ப்பும் வந்தது. நாய் வாதிக்கு. ஆனால் மொழி விஷயத்தில் முன்சீப் அசையவில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் புரிந்துகொள்ளும்போதுதான் மொழி உண்டாகிறது, ஆகவே அது ஒருவரின் தனிச் சொத்தாக முடியாது, கற்றதை மறக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரமும் இந்த நீதிமன்றத்துக்கு இல்லை என்று படித்தார்.

மூணாம்பாஷை கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அய்யா, ஒரு சந்தேகம். அப்பம் சொன்னவனுக்குப் பாதி, புரிஞ்சுக்கிட்டதுக்குப் பாதியா?"

முன்சீப் யோசித்தார். "அப்படியும் வைத்துக்கொள்ளலாம்."

"புரிஞ்சுக்கிட்டது சீமாட்டிதான?"

"ஆமாம்."

"சீமாட்டி எனக்குன்னு தீர்ப்பாயிருச்சுல்லா?"

"ஆகிவிட்டது."

"அப்பம் சரிங்கய்யா. சொத்து குடும்பத்துக்குள்ளதான் இருக்கு" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். இரண்டு பரிகாரங்களைத் தள்ளுபடி செய்த தீர்ப்பை மொத்தமாகத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு போன ஒரே கட்சிக்காரர் அவர்தான். முன்சீப் தீர்ப்பை மறுபடி ஒரு தடவை தனக்குள் படித்துப் பார்த்துக்கொண்டார்.

அன்று தேர் வீதியில் சீமாட்டி கழுத்தில் ரோஜா மாலையோடு நடந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் அதற்கு ஜன்னல் சீட். டிக்கெட் கேட்க வேண்டிய கண்டக்டர் அதற்கு விசிறிக்கொண்டு வந்தார். அடுத்த சீசனில் வாடகைக்கு வந்தவர்களிடம் மூணாம்பாஷை, "கோர்ட்டே பரிசீலிச்ச பாஷை" என்று சொல்லித்தான் சங்கிலியைக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் பாதியில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கிளம்பிப் போன பிறகும் நான் மேஜையை விட்டு எழவில்லை. சிவப்புப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டுகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

மூணாம்பாஷை வந்தார். அவர் கையில் மனு இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். சீமாட்டியும் அதற்குச் சில வருடம் முன்பே போய்விட்டிருந்தது.

"என்னய்யா, இன்னும் உக்காந்திருக்கீக?"

"செத்த நேரம். கொஞ்சம் வேலை கெடக்கு."

அவர் மேஜையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு தாளும் இல்லை. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, குனிந்து, காதில் அந்த வார்த்தையைச் சொன்னார்.

எழுந்தேன். பையை அவரே எடுத்துக்கொண்டார்.

அதை இங்கே எழுதுவதாக இல்லை. அந்த வார்த்தைக்கு அவர் என்னிடம் வாடகை கேட்கவில்லை. மறந்துவிடவும் சொல்லவில்லை.